பார்வையாளர் நேரம்

கொட்டாரத்திலிருந்து வேன் பிடித்துச் சபையாரைக் கூட்டி வந்தவளே நேசம்மாள்தான். ஆனால், அவள் தம்பி சத்தியராஜை ஒருத்தர்கூடப் பார்த்தபாடில்லை.

காரணம், தம்பி பெண்டாட்டி பிரீனா. ஆஸ்பத்திரி அறைவாசலில் நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களிடம் வாயைக் கொடுத்தாள்.

"சர்ச் கமிட்டித் தேர்தல்ல, பொருளாளருக்கு இந்தத் தடவ யாரு நிக்கியாவ?"

போதாதா? நோயாளியை மறக்கடிக்க இதைவிட வீரியமான மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. தாழ்வாரமே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஒரு கட்சியில் நேசம்மாளும் இருந்தாள் என்பதை மறைப்பானேன்?

பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தது. கொண்டுவந்த ஆரஞ்சுகளை பிரீனாவின் மடியில் வைத்துவிட்டு எல்லாரும் வேன் ஏறினார்கள். நேற்றும் இதே கூத்து. நேசம்மாள் மட்டும் பின்தங்கி நின்று பிரீனாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, ஒனக்கு நெஞ்சுல ஈரம் உண்டா? பல்லுல சீழ் வச்சு, கிருமி ரத்தத்துல கலந்து, இருதய வால்வ அரிச்சு, சாவக் கெடந்து பொழச்சவன் அவன். தலையில கைவச்சு ஜெபிக்க வந்தவங்கள நிறுத்தி வச்சு ஓட்டா எண்ணுக?"

"பேச்சு சுவாரசியத்துல நேரம் போனதே தெரியல மைனி."

"நீ பேசு. நான் டாக்டர்ட்ட சொல்லுகேன்."

மறுநாள் போய்ச் சொல்லவும் சொன்னாள்.

டாக்டர் சிரித்தார். "கிருமி இப்பதாம்மா மருந்துக்கு அடங்கியிருக்கு. இன்னும் ரெண்டு வாரம் நரம்பு வழியா ஊசி ஏறணும். அப்புறம் வால்வு ஆபரேஷன். அதுக்குள்ள வெளியிலேர்ந்து வேற கிருமி தொத்தினா உங்க தம்பி தாங்கமாட்டார். யாரையும் உள்ள விடாதீங்கன்னு அவங்ககிட்ட சொன்னதே நான்தான்."

"எங்ககிட்ட அவ சொல்லலியே!"

"சொன்னா, கூட்டிட்டு வர்ற மைனிக்கு ஊர்முன்னால தலைகுனிவாப் போயிரும்னு அழுதாங்க. நானே பாத்துக்கிடுகேன்னாங்க. எப்படித்தான் சமாளிக்கிறாங்களோ, இதுவரைக்கும் ஒருத்தர் உள்ள வரல!"

நேசம்மாள் தாழ்வாரத்துக்கு வந்தாள்.

அங்கே சபையின் பாடகர் குழு வந்து இறங்கியிருந்தது. பேசிப்பேசித் தொண்டை கட்டிப்போன பிரீனா வாயைத் திறந்தாள்; காற்றுதான் வந்தது. குழுத்தலைவர் நாற்காலியைச் சுற்றிப்போய்க் கதவில் கையே வைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, நில்லுங்க!" நேசம்மாள் ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றாள். "பொருளாளருக்கு நான் நிக்கியேன்!"