ஈரப் பாவு

வண்டி தெருமுனையில் திரும்பியபோது பாவு முழுக்க ஈரமாக இருந்தது.

தறியில் ஏற்றப்போகும் முப்பது மீட்டர் நூல். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மூங்கில் கால்களின் மேல் நீட்டி, கஞ்சி தடவி, பாதி தூரம் பிரஷ் போட்டிருந்தோம். கையால் நூற்ற நூல். கஞ்சி குடிக்காவிட்டால் தறியில் நாலு அடி தாங்காது. காய்வதற்குள் எங்கேயாவது போட்டால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும்.

வந்தது ஆம்புலன்ஸ்.

"தூக்குங்கடி" என்றாள் கஞ்சியக்கா.

அந்தப் பெயர் எங்கள் நெசவாளர் சங்கத்தில் நாங்கள் வைத்தது. கஞ்சியின் பதம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஒரு சொட்டை விரலில் தொட்டு நசுக்கிப் பார்த்து, இன்னும் ரெண்டு கொதி என்பாள். சங்கத் தலைவியம்மாகூட அடுப்பை அணைக்காமல் காத்திருப்பார்.

பதினெட்டு பேரும் பாவுக்கு அடியில் கையைக் கொடுத்தோம். முனைக் கயிறுகளை அவிழ்த்து, இரண்டு முனையிலும் பாவைக் கட்டியிருந்த கட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்ந்து, சுவரில் முதுகு ஒட்ட வரிசையாக நின்றோம். மூங்கில் கால்களை ஓரமாகத் தள்ளிவிட்டது அக்காதான். பிறகு எனக்குப் பக்கத்தில் வந்து அவளும் கையைக் கொடுத்தாள்.

கஞ்சி முழங்கை வழியாக வழிந்தது.

"என்னங்கடி, இன்னைக்கு எல்லாரும் உம்முனு இருக்கீங்க? உங்க மாமியாருங்கெல்லாம் ஒரே நாள்ல திருந்திட்டாங்களா?"

ஒருத்தி மட்டும் சிரித்தாள். அவளும் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மற்ற நாட்களில் பாவு போடும்போது எங்கள் சத்தம் பஸ் நிறுத்தம் வரை கேட்கும். வீட்டுக் கதை எல்லாம் அங்கேதான் வெளியே வரும். அதைத்தான் அவள் தேடினாள்.

வண்டி ஊர்ந்து வந்தது. தெரு அகலம் அவ்வளவுதான். நாங்கள் வயிற்றை எக்கிக்கொண்டோம்.

முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்தவர் எங்களைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சைரன் போடல பாரு. பொழச்சு எந்திரிச்சிட்டாங்க போல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்க" என்றாள் அக்கா என்னிடம்.

நான் நூலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வண்டியின் பின்பாதி எங்களுக்கு நேராக வந்தது. கண்ணாடியில் வெள்ளை பூசியிருந்ததால் உள்ளே எதுவும் தெரியவில்லை. அக்கா இன்னும் ஓரடி ஒதுங்க முயன்றாள். சுவர் இடம் கொடுக்கவில்லை. அவள் புறங்கை வண்டியின் பக்கவாட்டில் உரசிக்கொண்டே போனது.

"யாரு பெத்த புள்ளையோ" என்றாள்.

பதினெட்டு பேரில் ஒருத்தரும் தலையை நிமிர்த்தவில்லை.

வண்டி எங்களைக் கடந்தது. தெருக்கோடியில் நேராகப் போகாமல் இடது பக்கச் சந்துக்குள் திரும்பியது. அங்கே மொத்தமே நாலு வீடு, அக்காவுடையதும் சேர்த்து. இன்ஜின் நின்றது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"முன்னாடி உக்காந்திருந்தது நம்ம செயலாளர் மாதிரி இல்ல?"



அக்கா கையிலிருந்த நூலைக் குனிந்து பார்த்தாள். அதன் நிறத்தைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இது அடுத்த வாரம் போட வேண்டிய பாவுதானே?"

அடுத்த வாரப் பாவுதான்.

அன்று விடியற்காலை ஐந்தரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து செயலாளர் எனக்குப் போன் செய்தார். முந்தின நாள் சங்கத்து வேனில் துணி மூட்டைகளோடு டவுனுக்குப் போனது அவரும் அக்காவின் மகனும். ஓட்டியது மகன்; ராத்திரி டவுனிலேயே தங்கிவிட்டான் என்றுதான் அக்கா நினைத்திருந்தாள். திரும்பும் வழியில் பாலத்துக்குப் பக்கத்தில், எதிரே லாரி. செயலாளருக்குக் கையில் அடி. அவன் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டான்.

அக்காவுக்கு அவனை விட்டால் ஒரு தங்கைதான். தங்கைக்குச் சொல்லியாகிவிட்டது, பஸ் ஏறிவிட்டாள். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகு சொல்லலாம் என்றார் தலைவியம்மா. அதுவரை அக்காவின் கைக்கு வேலை வேண்டும்.

அதனால் நாங்கள் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தோம். அவசர ஆர்டர் என்று அக்காவிடம் பொய் சொன்னோம். அவள் ஓடி வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். பின்தெரு வழியாக வரச் சொல்லி செயலாளரிடம் மூன்று முறை சொல்லியிருந்தேன். டிரைவர் வெளியூர்க்காரன், முதல் திருப்பத்திலேயே திரும்பிவிட்டிருக்கிறான்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் என் தோளில் இடித்துக்கொண்டு நின்றது. அது நடுங்கத் தொடங்கியதும் பாவு முழுக்க நடுங்கியது. கோடியில் கட்டையைப் பிடித்திருந்தவள் ஏங்கி ஏங்கி அழுதாள்.

"அக்கா, நீ வீட்டுக்குப் போ" என்றேன்.

அவள் போகவில்லை. என்ன ஆச்சு என்றும் கேட்கவில்லை. எந்தக் கேள்வியைக் கேட்டாலும் பதில் வந்துவிடும் என்று பயந்தவள்போல வெகுநேரம் உதட்டை மட்டும் அசைத்தாள். பிறகு, வண்டி போன வழியைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகக் கேட்டாள்.

"குலுங்காமத்தானே போச்சு?"

"ஆமாக்கா" என்றேன்.