இன்னும் கொஞ்சம் மெல்லிசா

"பெருசா இருக்கு தங்கச்சி" என்று தையற்காரர் சிரித்துக்கொண்டே சொன்னதும் தக்கையக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. குறை சொல்ல வருகிறவர் முகத்தில் இப்படியா சந்தோஷம் வழியும்?

தூண்டில் கோலுக்குத் தக்கையில் கைப்பிடி கடைவதில் அவளுக்கு இணை கிடையாது. வளையம் வளையமாக வெட்டிய தக்கையைக் கம்பியில் கோத்து, பசை தடவி இறுக்கி, காய்ந்ததும் கடைசல் எந்திரத்தில் சுழலவிட்டு உப்புத்தாளால் தேய்த்தெடுப்பாள். வாங்கிப் போனவர் யாரும் திரும்பி வந்து முணுமுணுத்ததில்லை, இந்த மனிதரைத் தவிர.

கோல் அவருடைய மனைவிக்கு. மீன் பிடிப்பது அவள்தான், தனக்குக் கூடை தூக்கும் உத்தியோகம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மனைவியின் வலக்கைக்கு அளவு என்று ஒரு நூலை நீட்டினார். அதை வளைத்துப் பார்த்த அக்கா, இது கைப்பிடியா உலக்கையா என்று கேட்டேவிட்டாள். அளவு சரிதான் என்று அவர் சாதித்ததால் அப்படியே கடைந்தாள். கோலில் ஒட்டுவதற்கு முன் வீட்டில் பிடித்துப் பார்க்கட்டும் என்று கைப்பிடியை மட்டும் கொடுத்தனுப்பினாள்.

கொஞ்ச நாளில் வந்து நின்றார். மெல்லிசாக வேண்டுமாம். கையில் வேறொரு நூல். கடைந்து கொடுத்தாள். மறுபடி வந்தார். இன்னும் மெல்லிசாக. பழையதைக் கொண்டுவாருங்கள், அதையே தேய்த்துத் தருகிறேன், நல்ல தக்கை ஏன் பாழாக வேண்டும் என்றாள். அதெல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று நழுவினார். கைக்குரியவளையே கூட்டி வரச் சொன்னதற்கு, மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்.

தையல் தொழில் செய்கிறவருக்குப் பிடித்துப் பிடித்துத் தைக்கிற புத்தி எங்கே போகும் என்று அக்காவின் கணவர் பசைக் கிண்ணத்தைக் கலக்கியபடி சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் கையில்தான் கோளாறோ என்ற நினைப்பு அவளை அரித்தெடுத்தது. வேறு ஒருவருக்காக நன்றாகவே கடைந்திருந்த பிடியை, ஓரம் சரியில்லை என்று தானே உடைத்துக் குப்பையில் போட்டாள். சோற்றில் உப்பு போட மறந்தாள். கணவர் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டது அதைவிட எரிச்சலாக இருந்தது.

கடைசியாகச் செய்த பிடியை, நூலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, மயிரிழை பிசகாமல் கடைந்து அனுப்பியிருந்தாள். அதற்குத்தான் இப்போது இந்தச் சிரிப்பு.

எந்திரத்தை நிறுத்தினாள். முந்தானையில் ஒட்டியிருந்த தக்கைத் தூளை உதறினாள்.

"அண்ணே, இது ரவிக்கை இல்ல, ஆளுக்கேத்த மாதிரி பிடிச்சுக்கிட்டே போறதுக்கு. நீங்க குடுத்த அளவுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் செஞ்சேன். என் வேலை பிடிக்கலன்னா நேரா சொல்லிட்டுப் போங்க."

மூலையில் சாய்த்திருந்த கைப்பிடியில்லாத கோலை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். கணவர் பசைக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

தையற்காரர் கோலைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து புதிதாக ஒரு நூலை எடுத்தவர், அதைக் கொடுக்கலாமா கூடாதா என்பதுபோல் விரலில் சுற்றிக்கொண்டும் அவிழ்த்துக்கொண்டும் நின்றார்.

"உன் வேலைல ஒரு குறையும் இல்ல தங்கச்சி. வெளிய சொன்னா எங்க நின்னுபோயிடுமோன்னு பயந்துதான் யார்கிட்டயும் சொல்லல."

"என்ன நின்னுபோயிடும்? மனுஷங்க கை எங்கயாவது தடவைக்குத் தடவை சுருங்குமா?"

"சுருங்கல தங்கச்சி. வாதத்துல விழுந்து விரல் மடக்க முடியாம கிடந்த கை, இப்ப கொஞ்சம் கொஞ்சமா மடங்குது."