தென்னமூடு வரைக்கும்

தோண்டியதும் முதலில் வந்தது அவன் மண்டைதான்.

செத்த பிறகும் முந்திக்கொண்டு வருகிறான் என்று நினைத்தாள்.

புருஷனை எடுக்காமல் அடியில் கிடக்கும் பிள்ளையை எடுக்க முடியாது. ஊர் வழக்கம் அப்படி. குடும்பத்துக்கு ஒரு குழி. முன்னே போனவர்மேல் பின்னே போனவர். பிள்ளை முன்னே போனாள். குடித்துக் குடித்து ஈரல் வெந்து அவன் பின்னே போனான். அவனை இறக்கும்போது அவள் ஒரு தடவை வேண்டாம் என்றாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் பாதி இப்போது கடலுக்குள் கிடந்தது. போன ஆனியில் மதிலும் முன்வரிசைச் சிலுவைகளும் போயின. வருகிற ஆனிக்கு இந்த வரிசை. அவரவர் ஆட்களைத் தோண்டியெடுத்து, ரோட்டுக்கு வடக்கே ஒதுக்கிய புது இடத்தில் அடக்கிக்கொள்ளுங்கள் என்று சாமியார் பூசையில் சொல்லிவிட்டார்.

அவன் தம்பி பெர்க்மான்ஸ் பெரிய பெட்டியோடு வந்திருந்தான். தேக்கு. மூடியில் சிலுவை வேறு.

அவள் கையில், கோயிலுக்கு மெழுகுவர்த்தி வந்த சின்னப் பெட்டி.

அண்ணனைப்போலக் கடல் அறிந்தவன் இந்தக் கரையில் கிடையாது என்று குழி வெட்டுகிற லூர்தையனிடம் பெர்க்மான்ஸ் சொன்னான். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கடல் அறிந்தவன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

பிள்ளை போன அன்றைக்குக் காற்றில்லை. மழையில்லை. நல்ல வெயில்.

எங்கோ நடுக்கடலில் அடித்த புயலின் அலை கரைக்கு வருகிறது, கள்ளக்கடல், எல்லாரும் மேட்டுக்குப் போங்கள் என்று கோயில் மைக்கில் கத்தினார்கள். பக்கத்து வீடுகள் காலியாயின. அவளும் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து தூக்கினாள்.

அவன் வாங்கி, மறுபடி தொட்டிலிலேயே போட்டான்.

ஆபீசில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து எச்சரிக்கை விடுகிறவனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்தான். கடல் சூடாகிறது, மட்டம் ஏறுகிறது என்று காலேஜ் பிள்ளைகள் வந்து சொன்னபோதும் இதே சிரிப்புத்தான். வீட்டுக்கு முன்னால் நின்ற தென்னையைக் காட்டினான். அவன் அப்பன் காட்டித் தந்த அடையாளம். அப்பனுக்கு அவன் அப்பன்.

"கடலு அந்தத் தென்னமூடு வரைக்குந்தான் வரும். இங்கெல்லாம் வராது."

அப்பன் காலத்துக் கடல் எப்போதோ போய்விட்டது. மகாப்பிரபுவுக்கு மட்டும் அது தெரியவில்லை.

சோறு போடச் சொன்னான். அவள் அடுக்களைக்குப் போனாள். தண்ணீர் அவளை அங்கேதான் பிடித்தது.

அவன் ஓட்டின்மேல் ஏறிவிட்டான்.

தொட்டில் கயிறு மட்டும் உத்தரத்தில் கிடந்தது.

கட்டியவளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றிய கதையை, சாகிறவரை சாராயக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தான். ஊரும் வாயைப் பிளந்து கேட்டது. வெட்கங்கெட்ட ஊர்.

அந்தத் தென்னை இப்போது கடலுக்குள் மொட்டையாக நின்றது.

லூர்தையன் பெரிய எலும்புகளை எடுத்து விரிப்பில் வைத்தான். பிறகு மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் மணலை அள்ளினான்.

வெகுநேரம் ஒன்றுமில்லை.

அவளும் குழிக்குள் இறங்கினாள். விரலில் ஒரு கொலுசு தட்டுப்பட்டது. கறுத்துப்போயிருந்தது. பக்கத்தில் ஈர்க்குச்சி போலச் சில எலும்புகள்.

மணலோடு சேர்த்து அள்ளிப் பெட்டியில் வைத்தாள்.

பெர்க்மான்ஸ் தேக்குப் பெட்டியைத் திறந்தான். புதுக் குழியிலும் இரண்டு பேரையும் சேர்த்தே வைத்துவிடலாம் மயினி என்றான். அங்கே இடமும் இருந்தது.

அவள் மேலே ஏறி வந்தாள். ஓர் அலை விரிப்பின் ஓரத்தை நனைத்துவிட்டுப் போயிற்று.

"ஒங்கண்ணன இந்தக் குழியிலேயே போட்டு மூடுங்க."

பெர்க்மான்ஸ் அவளையே பார்த்தான். பிறகு கடலைக் கைகாட்டினான்.

"இங்கெல்லாம் வராதுன்னு அவருதான சொன்னாரு."

பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள்.