பரிமாறியவள்

கோடை மழை பெய்த மறுநாள், மலைத்தோட்டத்து வீட்டில் இரண்டு குடும்பங்களும் ஒன்றாகச் சாப்பிட்டன. காளானைப் பறித்து வந்து வறுத்தது பூங்கோதையின் கணவனுடைய நண்பன் பெஞ்சமின். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுப் பூங்கோதை தனக்கு இலை போட்டபோது காவல்காரர் மாதையன் வாசலில் வந்து நின்றார்.

"இந்தக் காளான எங்கீங்க பறிச்சீங்க?"

"வேலியோரம், பட்டுப்போன மரத்தடியில" என்றான் பெஞ்சமின்.

மாதையனின் முகம் மாறியது. "அதத் தின்னுதாங்க போன வருசம் கீழ்வீட்டுல ரெண்டு பேரு செத்தாங்க."

சாப்பிட்ட ஐந்து பேரின் இலைகளும் காலியாக இருந்தன. பூங்கோதையின் மகள் மட்டும், "அம்மா, இன்னும் இருக்கா?" என்று கேட்டாள்.

கணவன் கார் சாவியைப் பூங்கோதையிடம் நீட்டினான். "நான் வழியில மயங்கிட்டா எல்லாரும் போயிருவோம். நீதான் சாப்பிடல. நீ ஓட்டு."

அவள் ஓட்டக் கற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மலைப்பாதையில் ஒருமுறைகூட ஓட்டியதில்லை. ஆஸ்பத்திரியோ அடிவாரத்தில் இருந்தது.

பிள்ளைகள் பயப்படக் கூடாதென்று பெஞ்சமினின் மனைவி அவர்களைப் பாடச் சொன்னாள். ஐந்தாவது வளைவைத் தாண்டும்போது பின்னாலிருந்து பெஞ்சமினின் மகன் குரல் மட்டுமே கேட்டது.

"பாப்பா தூங்கிட்டாளா?" என்றாள் பூங்கோதை.

அவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. அடுத்த வளைவு வந்துவிட்டிருந்தது.