முப்பத்திநாலு

டாக்டர் ஹோல்ம்பெரி வாசலில் ஷூவைக் கழற்றியதுமே மெல்கர் ஆரம்பித்துவிட்டான்.

"முப்பத்திநாலு! போங்க! முப்பத்திநாலு!"

ஷூவை அவர் கையிலேயே திணித்து, ஆளையும் தள்ளினான். ஆட்டிசம் உள்ள பிள்ளை. வயசு இருபத்திரண்டு.

"ஒரு வருஷமா இப்படிக் கத்தினதே இல்ல டாக்டர்," என்றாள் அம்மா குனில்லா, காபியை ஊற்றிக்கொண்டே.

"ஒரே நம்பரையே சொல்றான், கையையும் நீட்றான். மாத்திரையைக் கூட்டிடலாம்," என்றார் டாக்டர்.

"ஐயோ வேணாம்! போன தடவை கூட்டினப்ப நாள் பூரா தூங்கினான். ஆசையா பாக்கற ரயிலைக்கூட எழுந்து பாக்கல."

"நாளைக்கு உங்களைத் தள்ளினா?" என்று டாக்டர் மருந்துச் சீட்டில் பேனாவை வைத்தார்.

போன் அடித்தது. கிளினிக் நர்ஸ்.

"எங்க இருக்கீங்க டாக்டர்? இங்க ஏழு பேர் காத்திருக்காங்க!"

"மெல்கர் வீட்ல. டைரியில இருக்கே?"

"அது முப்பத்திநாலாவது வாரம் டாக்டர்! இப்ப நடக்கறது முப்பத்திமூணு!"

வருஷத்தின் ஒவ்வொரு வாரத்துக்கும் நம்பர் போட்டிருக்கும் சுவர்க் காலண்டரைக் குனில்லா பார்த்தாள். முப்பத்திநாலாவது வாரத்தில் 'டாக்டர்' என்று மெல்கர் சிவப்பில் எழுதியிருந்தான்.

டாக்டர் மருந்துச் சீட்டைக் கிழித்துப் போட்டார்.

"காபியாவது குடிச்சிட்டுப் போங்க டாக்டர்," என்றாள் குனில்லா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மெல்கர் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"காபியும் முப்பத்திநாலு."