சிவப்புப் பலகைக்காரன்

“ஐசியக் காட்டுங்க ஐயா.”

யாரோ சொன்னது காதில் விழுந்துதான் ஷாமிலுக்கு நித்திரை கலைந்தது. பஸ் குருக்கள்மடத்தில் நின்றுகொண்டிருந்தது. பாதை அகலமாக்கும் வேலை. ஒரு பக்கம் முழுக்கக் கிண்டிப் போட்டிருந்தார்கள். எதிரே வரும் வாகனங்கள் மற்றப் பக்கத்தால் வந்து முடியும்வரை, செம்மஞ்சள் சட்டை போட்ட ஒருவன் சிவப்புப் பலகையைத் தூக்கிப் பிடித்து நின்றான்.

அடையாள அட்டை கேட்டவனும் அவன்தான். பஸ்ஸால் இறங்கிய ஒரு கிழவர் வெயிலுக்குள் அவன் முன்னால் கைகட்டி நின்றார்.

ஷாமில் காத்தான்குடிக்காரன்; அங்கே அண்ணனைக் ‘காக்கா’ என்பார்கள். சுனாமி கொண்டுபோன வீட்டைத் திரும்பக் கட்டவேண்டும் என்று கட்டாருக்குப் போனவன். அங்கே பெரிய பட்டணம் ஒன்றைச் சுற்றிப் பாதை போட்டான்; பாதைக்குக் கீழே சுரங்கம் வெட்டினான். வீடு எழும்பிவிட்டது, முதுகுதான் விழுந்துவிட்டது. சண்டை முடிந்த பிறகு, இப்போதுதான் ஊருக்கு வந்திருந்தான்.

முதுகைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸால் இறங்கினான்.

“தம்பி, நீ பொலிஸா?”

“இல்ல காக்கா.”

“ஆமியா?”

“ரோட்டு வேலை காக்கா.”

“ரோட்டு வேலைக்காரனுக்கு என்னத்துக்கு ஐசி? நானும் ரோட்டு வேலைதான் செஞ்சன். பலகை பிடிச்சவன் ஒருத்தனும் மனிசரை இறக்கி அட்டை கேக்கல்ல.”

அவன் கிழவரை ஒருமுறை பார்த்தான். “பொறுங்க காக்கா, இப்ப முடிஞ்சிரும்” என்றுவிட்டு அட்டையை வாசித்தான். “கனகசிங்கம். பெரியகல்லாறு. எங்க ஐயா போறீங்க?”

“கண் கிளினிக்குக்கு மகன்.”

ஷாமிலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட்டையை வெடுக்கென்று பறித்தான்.

“எத்தனை வருஷம் ஆமிக்கு ஐசி காட்டி இந்த வெயிலுக்குள்ள வரிசையில நிண்ட சனம்! அதெல்லாம் முடிஞ்சுது எண்டு பார்த்தா, ஒரு சட்டை கிடைச்ச உடனே நீ தொடங்கிட்டியா?”

“நல்லாக் கேளுங்க காக்கா!” யன்னலுக்குள்ளால் ஒரு குரல். “இவன் முந்தியும் கேட்டதைக் கண்டிருக்கன்!”

கொண்டக்டர் பஸ் நின்ற உடனேயே எதிர்க்கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். ரோலருக்குப் பக்கத்தில் நின்ற சுப்பவைசர்தான் சத்தம் கேட்டு வந்தார். ஷாமில் சொல்லச் சொல்ல அவர் முகம் கறுத்தது.

“நிலோஜன், உனக்குப் பலகை பிடிக்கத்தானே சம்பளம்? கழட்டு சட்டைய. நாளைக்கு வராத.”

“சேர், மூணு புள்ளையள். வேற வேலை இல்ல சேர்.”

“அதை முதலே யோசிச்சிருக்கணும்.”

நிலோஜன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். உள்ளே கிழிந்த பெனியன். சுப்பவைசர் பலகையைத் தானே வாங்கிப் பச்சைப் பக்கம் திருப்பினார்.

ஷாமில் அட்டையைக் கிழவரின் சட்டைப் பையில் வைத்தான். “ஏறுங்க ஐயா. இனி ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.”

கனகசிங்கம் ஏறவில்லை. அட்டையைத் திரும்பவும் வெளியே எடுத்தார். ஒருவருமில்லாத பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றார்.

“பார்த்து முடிக்கல்லையே தம்பி.”

“பார்க்கத் தேவயில்ல ஐயா.”

“போ எண்டு சொல்லாமப் போனா அங்கால பிடிப்பாங்க.”

ட்ரைவர் ஹோன் அடித்தார். பின்னால் நின்ற லொறிக்காரனும் அடித்தான். கொண்டக்டர் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

“என்ன, இன்னும் ஏறல்லையா? நிலோஜன், எங்க உன்ட சட்டை?”

நிலோஜன் நிலத்தைப் பார்த்தான். கொண்டக்டருக்கு விளங்கிவிட்டது. ஷாமிலையும் சுப்பவைசரையும் பஸ்ஸின் பின்பக்கம் கூட்டிப்போய்க் குரலைத் தணித்தார்.

“இந்தப் பலகை வந்த முதல் நாள் முழு பஸ்ஸும் இறங்கி, ஐசியோட வரிசையில நிண்டது காக்கா. பழகின பழக்கம். பிறகு வெக்கப்பட்டுச் சிரிச்சிட்டு எல்லாரும் ஏறிட்டாங்க. இவர் மட்டும் ஏறல்ல.”

“ஏன்?”

“சண்டை நேரம் இவர்ட மகன் போன பஸ்ஸை ஒரு ஆமிச் சென்றியில ஐசி பார்க்காம விட்டுட்டாங்க. அடுத்த சென்றியில அதையே பிழையாப் பிடிச்சு மகனை இறக்கினாங்க. இறக்கினதுதான், பிறகு ஆள் திரும்பி வரல்ல. கிளினிக் நாளையில நிலோஜன்தான் அட்டையப் பார்த்து, ‘போங்க ஐயா’ எண்டு ஏத்தி விடுறவன்.”

“அவன் என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!”

“அந்த மனிசனுக்கு முன்னால எப்படிச் சொல்ற?”

ஷாமில் மெதுவாக நடந்து வந்தான். “ஐயா, தாங்க, நான் பார்க்கிறன்” என்று கையை நீட்டினான்.

கனகசிங்கம் அட்டையை நெஞ்சோடு இழுத்துக்கொண்டார். “நீங்க பஸ்ஸில வந்தவரல்லவா தம்பி.”

ஷாமில் சுப்பவைசரைப் பார்த்தான். அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு சட்டையை நீட்டினார். “கெதியாப் போட்டுக்கிட்டு வேலையப் பார்க்கச் சொல்லுங்க.”

சட்டையை வாங்கி விரித்துப் பிடித்தான் ஷாமில். நிலோஜன் கைகளை நுழைத்தான்.

“மன்னிச்சிரு தம்பி.”

“பரவாயில்ல காக்கா. சேர், பலகையத் தாங்க.”

பலகை திரும்பவும் சிவப்பானது. நிலோஜன் அட்டையை வாங்கினான். படத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். “பார்த்தாச்சு. போங்க ஐயா.”

கனகசிங்கத்தின் தோள்கள் இறங்கின. பஸ் படியில் கால் வைத்தவர், அப்படியே நின்று திரும்பிப் பார்த்தார்.

“அப்ப இந்தத் தம்பியப் பார்க்கல்லையா மகன்? இவரை அங்கால பிடிச்சாங்க எண்டா?”

ஷாமில் தன் ஐசியை எடுத்து, இரண்டு கையாலும் நிலோஜனிடம் நீட்டினான்.