பிரெஞ்சுக் கழுகு

"மரம் பிரெஞ்சு எல்லையிலதாங்க கீது. சுட்டீங்கன்னா சிப்பாய் வந்து துப்பாக்கியப் புடுங்கிக்குவான்" என்றாள் கலியம்மாள்.

சொன்னது பொய். பிரெஞ்சுக்காரன் ஆண்ட பாகூரின் ஏரிக்குத் தெற்கே நின்ற அந்த இலுப்பை மரம், எல்லைக்கல்லைத் தாண்டி இங்கிலீஷ்காரன் மண்ணில்தான் இருந்தது. அந்தக் கல்லைச் சுற்றி மாடு மேய்த்து வளர்ந்தவள் அவள்.

எதிரே தோளில் துப்பாக்கியோடு நின்ற சுப்பராயலு, கடலூர்ப் பக்கத்துப் பெரிய மிராசுதார். அவருடைய லைசென்சு இங்கிலீஷ் எல்லையோடு சரி. மரத்து உச்சியில் கூடு கட்டியிருந்த கழுகுகள் இரண்டையும் சுட்டு, பஞ்சடைத்துப் பாடம் பண்ணிக் கூடத்தில் மாட்ட அவருக்கு ஆசை. குஞ்சை உயிரோடு கொண்டுபோக, வேலையாள் தலையில் கூண்டும் வந்திருந்தது. மரம் ஏற ஆள் பார்த்து வைக்கும்படி முந்தின நாளே கலியம்மாளின் ஊருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

கார்த்திகையில் அந்தக் கழுகுகள் சுள்ளி சுமக்க ஆரம்பித்ததிலிருந்து, மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைக்குக் காவலாகப் போட்ட பரணில் உட்கார்ந்து கலியம்மாள் பார்த்து வந்தாள். ஏரி மீனைக் கிழித்துக் கிழித்துத் தாய் ஊட்டுவதைப் பார்த்தாள். அடைமழையில் அது குஞ்சின் மேல் இறக்கையைக் குடைபோல விரித்து, விடிய விடிய நனைந்ததைப் பார்த்தாள். இப்போது குஞ்சு தாயளவு வளர்ந்துவிட்டது. கூட்டின் விளிம்பில் நின்று இறக்கையை அடித்துப் பார்க்கும். கொஞ்சம் எழும்பும். பயந்துபோய் மறுபடி உட்கார்ந்துவிடும். இன்றோ நாளையோ பறந்துவிடும்.

செய்தி வந்ததும் புருஷன் வீரப்பனிடம் அழாத குறையாகச் சொன்னாள். எல்லையை மாற்றிச் சொல்லி மிராசுதாரைத் திருப்பி அனுப்பப் போவதாகவும் சொன்னாள். அவன் வாத்து மேய்ப்பவன். அவனுடைய வாத்துகளில் நாலைந்தை அந்தக் கழுகுகள் தூக்கிப்போயிருந்தன.

"சுடட்டும். மிச்ச வாத்தாவது பொழைக்கும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

காலையில் எழுந்தபோது அவனைக் காணோம். இந்த மனுஷனிடம் போய்ச் சொன்னோமே என்று நொந்துகொண்டு, தனியாகவே மரத்தடிக்கு வந்திருந்தாள்.

சுப்பராயலு சிரித்தார். "யார்கிட்ட கதை வுடுற? கல்லு எங்கன்னு காட்டு."

கலியம்மாள் கல் இருக்கும் வரப்பை நோக்கி மெல்ல நடந்தாள். அவர் காலில் விழுந்துவிடலாமா என்று யோசித்தபடியே புதரை விலக்கினாள்.

கல் அங்கே இல்லை.

"அங்க இன்னா தேடுற? அதோ நிக்குதே" என்றார் சுப்பராயலு எரிச்சலோடு.

மரத்துக்கு அந்தப் புறம், தெற்கே, பளிச்சென்று நின்றது எல்லைக்கல். மரம், கூடு, கழுகு எல்லாமே பிரெஞ்சு மண்ணில்.

அவர் கல்லைப் பார்த்தார். தான் நிற்கும் இடத்தைப் பார்த்தார். துப்பாக்கியை அவசரமாகத் துண்டில் சுற்றிக்கொண்டு, கல்லைத் தாண்டி விறுவிறுவென்று நடந்தார். காலிக் கூண்டோடு வேலையாள் பின்னால் ஓடினான்.

இத்தனை வருஷமும் தப்பாகவா நினைத்துக்கொண்டிருந்தோம் என்று கலியம்மாள் திகைத்து நிற்க, மேலே இறக்கைச் சத்தம் கேட்டது. குஞ்சு விளிம்பை விட்டு எம்பியது. கல்லைப் போலக் கீழே சரிந்தது. தரையில் மோதப் போனது. அதற்குள் காற்று வந்து தாங்கிக்கொள்ள, நிமிர்ந்து, ஏறி, ஏரியின் மேல் அகலமாய் ஒரு வட்டம் போட்டது. தாய் குரல் கொடுத்தபடி கூடவே பறந்தது. கலியம்மாள் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வரப்போடு ஓடினாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

மூச்சு வாங்க அவள் திரும்பி வந்தபோது, கரும்புக் கொல்லைக்குள்ளிருந்து வீரப்பன் வெளியே வந்தான். கையில் கடப்பாரை. தலை முதல் கால் வரை மண்.

"வந்து ஒரு கை புடி" என்றான். "யாராச்சும் பாக்கறதுக்குள்ள கல்லப் பழைய எடத்துல நட்டுடணும்."